எந்தக் குண்டூசி வாங்கலாம்?

கேள்வி: பேரனுக்காக அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளை வெட்டி, ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன். குண்டூசி குத்திய இடமெல்லாம் ஓட்டை தெரிகிறது, இஸ்திரி போட்டபோது ஊசிக் கொண்டையும் உருகி ஒட்டிக்கொண்டது. எந்த ஊசி வாங்குவது?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அம்மாவின் சேலை என்பதால் அவசரமே வேண்டாம், முதலில் ஊசியை மாற்றுங்கள். துண்டுகளை இணைக்க 0.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய ஊசி போதும், அதிலும் கண்ணாடிக் கொண்டை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், சூடு பட்டாலும் உருகாது. பிளாஸ்டிக் கொண்டை இஸ்திரிக்கு ஆகவே ஆகாது. நீளமான, தடித்த மஞ்சள் கொண்டை ஊசிகள் பல அடுக்குத் துணிக்கானவை, நைந்த சேலையில் அவைதான் ஓட்டை போடும்.

தையல் கோட்டுக்குக் குறுக்காகக் குத்துங்கள். மெஷின் ஊசி நெருங்குவதற்குள் உருவிவிடுங்கள், குண்டூசியின் மேல் ஓட்டினால் மெஷின் ஊசி ஒடிந்து தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து.

அப்புறம் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்க்கும்போது குண்டூசி சரிவராது, பிறகு கழற்றத் தேடும்போது கையைக் குத்திக்கொண்டே இருக்கும். அதற்கு வளைந்த ஊக்குதான். நடுவிலிருந்து தொடங்கி உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக மாட்டுங்கள்.

நம்மூர் ஈரப்பதத்தில் ஊசி துருப்பிடிக்கும். என் வெள்ளைத் துணி ஒன்றில் ஒரு வாரம் குத்தியே விட்டிருந்த ஊசி விட்ட பழுப்புப் புள்ளி இன்னும் போகவில்லை. வேலை நின்றால் ஊசிகளைக் கழற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். சைனாடவுனில் உள்ள பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் கடைத்தொகுதிப் பக்கம் துணி வாங்கப் போனால், ஒரு சேலைத் துண்டைக் கையோடு கொண்டுபோய் ஊசியைக் குத்திப் பார்த்து வாங்குங்கள்.