சைக்கிளுக்கு எந்த பேட்டரி விளக்கு? நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பேட்டையிலிருந்து ஒரு மாணவர்: டியூஷன் முடிந்து ராத்திரி எட்டரைக்குத் திரும்புகிறேன். ஆயிரம் லுமன் விளக்கு வாங்கலாமா அண்ணாச்சி?

வேண்டாம் தம்பி. தெருவிளக்கு உள்ள ரோட்டுக்கு 100, 200 லுமன் தாராளம். அங்கே நீங்கள் பார்ப்பதைவிட மற்றவர்கள் உங்களைப் பார்ப்பதுதான் முக்கியம். லுமன் என்பது மொத்த வெளிச்சத்தின் கணக்கு. அது ரோட்டில் விழுகிறதா, எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. டார்ச் போல வட்டமாக அடிக்கிற விளக்கில் பாதி வெளிச்சம் மேலே போய்விடும். ஒளியின் மேல்விளிம்பு கோடு போட்டதுபோல வெட்டப்பட்ட விளக்குதான் ரோட்டுக்கு ஏற்றது. ஜெர்மனியில் சைக்கிள் விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பெட்டியில் எஸ்.டி.வி.இசட்.ஓ. என்று போட்டிருந்தால் அந்த விதிப்படி செய்தது.

எதை வாங்கினாலும் குனிய வையுங்கள். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நேராக நிறுத்துங்கள். விளக்கு 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், வெளிச்சத்தின் நடுப்பகுதி சுவரில் அரை மீட்டர் உயரத்தில் விழ வேண்டும். அப்போது ரோட்டில் அது 10 மீட்டர் முன்னால் தரையைத் தொடும்.

சேரன்மகாதேவி, பால் வியாபாரம் செய்பவர்: காலை நாலு மணிக்கே கிளம்பிவிடுவேன். வாய்க்கால் கரையில் விளக்கே கிடையாது. எருமை குறுக்கே நின்றாலும் தெரியாது. கேரியரில் இரண்டு பக்கமும் கேன்.

உங்களுக்குத்தான் நிஜமாகவே வெளிச்சம் வேண்டும். 300 முதல் 400 லுமன் வரை பாருங்கள். உள்ளே 3000 மில்லிஆம்பியர்-மணி செல் என்றால் அது சுமார் 11 வாட்-மணி. 400 லுமனுக்கு நல்ல எல்.இ.டி. ஏறக்குறைய 4 வாட் இழுக்கும். ஆக, இரண்டரை மணி நேரம் வரும். பெட்டியில் 'பத்து மணி நேரம்' என்று போட்டிருந்தால் அது மங்கலான நிலைக்குச் சொன்னது.

அதைவிட முக்கியம் பின்விளக்கு. முன்விளக்குக்கு எல்லோரும் பணம் போடுகிறார்கள், பின்னால் லாரி வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். சீட்டுக்கு அடியில் மாட்டினால் கேன் மறைத்துவிடும். கேரியரின் கடைசிக் கம்பியிலோ பின் மட்கார்டிலோ மாட்டுங்கள். வாழைத்தார், புல்லுக்கட்டு ஏற்றுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

மேலப்பாளையம்: விளக்குக்குப் போடுகிற 18650 லித்தியம் செல், 9900 மில்லிஆம்பியர்-மணி, விலை 150 ரூபாய். நல்லதுதானா?

பொய். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் கொண்ட அந்த உருளைக்குள் நல்ல கம்பெனிகள் அடைப்பதே 3500 பக்கம்தான். தராசில் போட்டுப் பாருங்கள், நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது.

பாளையங்கோட்டை: எத்தனை லுமன் வாங்கலாம்?

முதல் பதில்.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எதற்கு இந்த சார்ஜ் போடும் வேலையெல்லாம்? எங்கள் காலத்து டைனமோ கரண்டும் கேட்காது, செல்லும் கேட்காது.

சார், டைனமோ மேல் எனக்கும் மரியாதை உண்டு. 6 வோல்ட், 3 வாட், உங்கள் கால் பலம். ஆனால் நின்றால் அணைந்துவிடும். ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் தெரிய வேண்டும். மழையில் டயர் நனைந்தால் அதில் உரசிச் சுழல்கிற டைனமோ உருளை வழுக்கும். ஆடிக் காற்றுக்கு எதிராகத் தென்காசிப் பக்கம் மிதிக்கும்போது அந்த உரசலும் சேர்ந்துகொள்ளும்.

கல்லிடைக்குறிச்சி: அண்ணாச்சி, இப்போது சக்கர அச்சிலேயே டைனமோ வருகிறதே. நின்றாலும் சில நிமிடம் எரியும்.

சரிதான். அதில் உரசல் மிகக் குறைவு. விளக்குக்குள் உள்ள மின்தேக்கி நின்ற பிறகும் எரிய வைக்கும். ஆனால் சக்கரத்தையே புதிதாகக் கோத்துக் கட்ட வேண்டும், விலையும் அதிகம். தினமும் நீண்ட தூரம் போகிறவருக்கு அது அருமையான பொருள். டியூஷன் போகிற பிள்ளைக்கு எதற்கு?

அம்பாசமுத்திரம் மறுபடியும்: சார்ஜ் போட மறந்தால்?

அந்த ஒரு இடத்தில் டைனமோதான் ஜெயிக்கிறது சார். அதனால்தான் பென்சில் பேட்டரி போடுகிற சின்ன விளக்கு ஒன்றையும் பையில் வைக்கச் சொல்கிறேன், செல்லைத் தனியாகக் கழற்றி. உள்ளேயே கிடந்தால் கசிந்து கம்பியை அரித்துவிடும்.

தச்சநல்லூர், கல்லூரி மாணவி: மினுக்குகிற விளக்கு நல்லதா, நின்று எரிவதா?

பின்னால் மினுக்கினால் சட்டென்று கண்ணில் படும், நின்று எரிந்தால் தூரத்தைக் கணிக்க எளிது. இரண்டு விளக்கு மாட்டி ஒன்றை மினுக்கவிடலாம்மா. முன்னால் மினுக்கவே கூடாது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்கிறவர்கள் இருட்டில் ஓரமாக வருவார்கள். கண் கூசினால் அவர்கள் கால் வைக்கிற இடம் தெரியாது. குனிய வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

வண்ணாரப்பேட்டை: டைப் சி விளக்கு வாங்கினேன், புது போன் சார்ஜரில் ஏறவே இல்லை. விளக்கு கெட்டுப்போச்சா?

இருக்காது. இரண்டு முனையும் டைப் சி உள்ள ஒயரில் சார்ஜர் கரண்ட் விட வேண்டுமென்றால் விளக்குக்குள் இரண்டு சிறு ரெசிஸ்டர் இருக்க வேண்டும். மலிவு விளக்கில் அதை விட்டுவிடுகிறார்கள். பழைய அகல முனை சார்ஜரும் ஒயரும் போட்டுப் பாருங்கள், ஏறும்.

முன்னீர்பள்ளம்: எத்தனை லுமன் அண்ணாச்சி, கிராமத்து ரோடுதான்.

பால் வியாபாரிக்குச் சொன்னதைப் படியுங்கள். இனி லுமன் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

ஆலங்குளம்: எலெக்ட்ரிக் சைக்கிள் எது வாங்கலாம்?

அது என் வேலை இல்லை. ஓட்டுகிற யாரிடமாவது கேளுங்கள்.

களக்காடு: ஐப்பசி மழையில் நனைந்தால் என்ன ஆகும்?

விளக்கு எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கமிருந்து சாரல் அடித்தாலும் தாங்கும், அது போதும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். எதுவானாலும் ஈரத்தோடு சார்ஜ் போடாதீர்கள். மூடியைத் திறந்து நன்றாகக் காயவிடுங்கள். வெயில் காலத்தில் ஸ்டாண்டில் விடும்போது கழற்றிக் கையோடு கொண்டு போங்கள், சூடு லித்தியம் செல்லின் ஆயுளைக் குறைக்கும்.

வீரவநல்லூர்: பட்டன் செல் போட்ட பின்விளக்கு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தொடவே வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியது போலத் தோன்றினாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குழந்தை இல்லாத வீடென்றால், மூடி ஸ்குரூ போட்டு மூடுகிற மாதிரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.