திண்ம வெள்ளி அயடைட்டு மின்னைக் கடத்துவது எவ்வாறு? அதில் நல்ல பற்றரி செய்யலாமா?

அயன் சேர்வைகள் உருகினாலோ கரைந்தாலோ மட்டுமே மின்னைக் கடத்தும் என்று கொழும்பில் உயர்தர மாணவருக்கு நாங்கள் படிப்பிக்கும் விதி கறியுப்புக்குச் சரி. வெள்ளி அயடைட்டுக்கோ 147 பாகை செல்சியஸ் வரையே அது செல்லுபடியாகும். அவ்வெப்பநிலையில் பளிங்கமைப்பு மாறி, அயடைட்டு அயன்கள் உடல்மையக் கனசதுரச் சாலகமாக அடுக்கப்பட்டுவிட, ஓர் அலகுக் கலத்திலுள்ள (பளிங்கில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டி) இரண்டு வெள்ளி அயன்களுக்கு 12 நான்முகி இடைவெளிகள் கிடைக்கின்றன. அந்த அயன்கள் ஓரிடத்திலும் நிலைகொள்ளாமல் ஓர் இடைவெளியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் திரிவதால், கடத்துதிறன் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு எகிறி, சென்ரிமீற்றருக்கு 1 சீமன்சைத் தாண்டுகிறது. இன்னும் வியப்பானது, 555 பாகையளவில் சேர்வை உருகும்போது கடத்துதிறன் கூடாமல் சற்றுக் குறைவதே. துபாண்ட், லோரன்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இந்நடத்தையை 1914 இலேயே பதிவுசெய்துவிட்டனர்.

ஓடுவது இலத்திரனா அயனா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். வெள்ளி அயடைட்டை அழுத்திச் செய்த வில்லைகளை இரு வெள்ளி மின்வாய்களுக்கிடையே வைத்து மின்னைச் செலுத்தி, பின்னர் நிறுத்துப் பார்த்தால், அனோட்டு இழந்த வெள்ளி கதோட்டில் சேர்ந்திருக்கும். ஓர் அம்பியர்-மணிக்கு 4.02 கிராம், பரடேயின் விதிப்படி. எஞ்சும் இலத்திரன் கடத்தலை அறிய, நேர்முனையில் வெள்ளிக்குப் பதிலாகக் காரீயத்தை (கிரபைற்று) வைத்து, வெள்ளி அயடைட்டு பிரியத் தொடங்கும் மின்னழுத்தத்துக்குக் குறைவான மின்னழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். காரீயம் வெள்ளி அயன்களை வழங்காததால் அயனோட்டம் படிப்படியாக அடங்கி, இலத்திரன்களின் மிகச் சிறிய மின்னோட்டம் மட்டும் மிஞ்சும். கடத்துதிறனை மட்டும் அளந்துவிட்டு பற்றரிக்கு நல்ல மின்பகுபொருள் (மின்வாய்களுக்கிடையே அயன்களைக் கடத்தும் பொருள்) கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. அதனூடே இலத்திரன் கசிந்தால், பயன்படுத்தாதபோதும் கலம் தானாகவே மின்னிறங்கிவிடும்.

பற்றரியைப் பொறுத்தவரை, 1960களில் கண்டறியப்பட்ட உருபீடியம் வெள்ளி அயடைட்டு அறை வெப்பநிலையிலேயே சென்ரிமீற்றருக்கு 0.2 சீமன்சுக்கு மேல் கடத்துகிறது. ஆயினும் வெள்ளி-அயடீன் கலத்தின் மின்னழுத்தம் வெள்ளி அயடைட்டு உருவாகும் சக்தியால் தீர்மானிக்கப்படுவதால் 0.7 வோல்ற்றைக்கூட எட்டாது; வெள்ளியோ பாரமானது, விலையும் அதிகம். ஆகவே எடைக்கேற்ற சக்தியை இதில் எதிர்பார்க்க முடியாது.

கொழும்பில் இதைச் செய்துபார்க்க விரும்புவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இந்த உருபீடியச் சேர்வை 27 பாகைக்குக் கீழே உறுதியற்றது. மெல்ல மெல்லச் சாதாரண வெள்ளி அயடைட்டாகவும் வேறோர் உருபீடியச் சேர்வையாகவும் பிரியும், ஈரப்பதன் அதை விரைவுபடுத்தும். வெளியே வெக்கை என்றாலும் குளிரூட்டிய ஆய்வுகூடம் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். கடற்காற்றின் ஈரம் சொல்லவே வேண்டாம். எனவே வில்லையைச் செய்தவுடனே ஈரம் உறிஞ்சும் உலர்த்திப் பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் மூடி வைத்து, அளவீட்டுக்கு மட்டும் வெளியே எடுங்கள்.