சின்ன வயதில் விரும்பிப் படித்து, பிறகு விட்டே போன ஒரு வகைப் புத்தகத்துக்கு நீங்கள் திரும்பி வந்ததுண்டா?

உண்டு. பழைய ஆங்கில கோதிக் நாவல்கள். பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, நட்டநடு ராத்திரியில் அணையும் மெழுகுவத்தி என்று போகுமே, அந்த வகை. பள்ளிக்கூட நாளில் சுருக்கப் பதிப்புகளாகக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். கல்லூரிக்குப் போனதும் "இதெல்லாம் சின்னப் பசங்க சமாசாரம்" என்று ஒதுக்கியாயிற்று. அப்புறம் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை கிடைத்தது. பகலெல்லாம் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு ராத்திரி படிக்க லேசாக ஏதாவது வேண்டும். கூட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இருந்ததால் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவை (1897) முழுசாக எடுத்தேன்.

பார்த்தால், அதிலும் பத்திரம்தான்!

ஜொனாதன் ஹார்க்கர் டிரான்சில்வேனியாவுக்கு எதற்குப் போகிறான்? சினிமா பார்த்தவர்களுக்கு இது ஞாபகமே இருக்காது. அவன் அப்போதுதான் தேர்வில் தேறிய சொலிசிட்டர், அதாவது சொத்துப் பத்திர வேலையெல்லாம் பார்க்கும் வக்கீல். இங்கிலாந்தில் பர்ஃப்லீட் என்ற ஊரில் டிராகுலா வாங்கும் கார்ஃபாக்ஸ் என்ற பழைய மாளிகையின் கிரய வேலைக்காகப் போகிறான். சுமார் இருபது ஏக்கர், சுற்றிலும் கல் மதில் என்று இடத்தைப் பற்றி ஒப்பிக்கிறான். கோடக் கேமராவில் படமும் எடுத்து வைத்திருக்கிறான். டிராகுலாவோ சோபாவில் படுத்தபடி இங்கிலாந்து ரயில் கால அட்டவணை படித்துக்கொண்டிருக்கிறான். பிறகொரு நாள் ஒரு சந்தேகம் கேட்கிறான்: ஒரே ஆள் இரண்டு மூன்று சொலிசிட்டர்களை வைத்துக்கொள்ளலாமா? ஒருவருக்குத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாதபடி காரியங்களைப் பிரித்துக் கொடுக்கத்தான். இவன் அருமையான சொலிசிட்டராக வந்திருப்பான் என்று ஹார்க்கரே வியக்கிறான். கோட்டைச் சுவரில் டிராகுலா தலைகீழாகப் பல்லி போல இறங்கும் இடத்தைவிட இந்த இடத்தில்தான் எனக்குச் சில்லிட்டது. இப்படிக் கேள்வி கேட்கிற ஆட்களை நான் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். பின்பாதி கொஞ்சம் இழுவை. ஆனால் அவன் படுத்துக்கிடக்கும் மண் பெட்டிகளை வண்டிக்காரர்களின் கணக்கையும் சீட்டையும் வைத்தே தேடிப் பிடிக்கும் பகுதி பிரமாதம்.

அந்தக் கண்ணோடு மற்றவற்றையும் படிக்க ஆரம்பித்தேன். இந்த வகைக்கே முதல் நாவல் என்று சொல்லப்படும் ஹோரஸ் வால்போலின் ஒட்ரான்டோ கோட்டையில் (1764) வானத்திலிருந்து ராட்சதத் தலைக்கவசம் விழுந்து கல்யாண மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான். சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அந்த அமர்க்களத்துக்கெல்லாம் மூலம் ஒரு பொய் உயில். ஆன் ராட்க்ளிஃபின் உடோல்ஃபோவின் மர்மங்களில் (1794) கறுப்புத் திரைக்குப் பின்னால் கதாநாயகி எமிலி என்ன பார்த்து மயங்கி விழுந்தாள் என்று நூற்றுக்கணக்கான பக்கம் காக்கவைத்து, கடைசியில் அது மெழுகுப் பொம்மை என்று சொல்லிவிடுகிறார். வில்லன் மொன்டோனிக்கோ அந்தத் திரையைப் பற்றிக் கவலையே இல்லை. அவனுக்கு வேண்டியது மனைவியின் சொத்து. எழுதித் தர மறுத்தவளைக் கோபுரத்தில் அடைக்கிறான். அவள் செத்ததும் அடுத்த வாரிசான எமிலியை நெருக்குகிறான்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது வில்கி காலின்ஸின் வெள்ளுடைப் பெண் (1860). கதாநாயகி லாராவுக்கு இருபதாயிரம் பவுண்டு சொத்து. பிள்ளை இல்லாமல் அவள் இறந்தால் அத்தனையும் கணவனுக்கு என்று கல்யாண ஒப்பந்தம். குடும்ப வக்கீல் தலைதலையாக அடித்துக்கொண்டும் அது நிறைவேறுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு கணவன் ஒரு பத்திரத்தை மடித்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி அவள் முன்னால் நீட்டுகிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். அவன் சொல்வதாக இல்லை. பேய் கிடையாது, ரத்தம் கிடையாது, பட்டப்பகல்; ஆனாலும் மூச்சு முட்டுகிறது. (படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் சொல்லாத நாளில்லை. யார் படிக்கிறார்கள்?)

இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே முழு உரிமையோடு வைத்துக்கொள்ள வழி செய்த சட்டம் 1882-இல்தான் வந்தது. அதற்கு முன், தனி ஏற்பாடு செய்துவைக்காவிட்டால், கல்யாணத்தோடு அவள் பணம் கணவன் கைக்குப் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு படித்தால், பூட்டிய அறையில் ஏன் எப்போதும் ஒரு பெண்ணே இருக்கிறாள் என்று கேட்கத் தோன்றாது. லெ ஃபனுவின் அங்கிள் சைலஸில் (1864), மைனர் பெண்ணான மோட் இறந்தால் சொத்து யாருக்குப் போகுமோ அந்தச் சித்தப்பாவிடமே அவளை வளரவிடுகிறது அப்பாவின் உயில். கதையே அந்த ஒரு ஷரத்துதான்.

இந்த வகையைக் கேலி செய்து எழுதிய ஜேன் ஆஸ்டினுக்கும் இது தெரிந்திருக்கிறது. நார்த்தேங்கர் அபியில், விருந்தாளியாகப் போன வீட்டில் கதாநாயகி கேத்தரின் இரவில் பழைய அலமாரியைக் குடைந்து மர்மச் சுவடி என்று எடுப்பது, விடிந்து பார்த்தால், சலவைக் கணக்கு. நல்ல சிரிப்பு. ஆனால் பின்னால், அவளுக்குப் பெரிய சொத்து எதுவும் வராது என்று தெரிந்ததும் விருந்துக்கு அழைத்த அந்த வீட்டுப் பெரியவரே அந்தப் பெண்ணைத் துணைக்கு ஆளில்லாமல் விடியற்காலையில் வண்டியேற்றி விரட்டுகிறார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெள்ளுடைப் பெண்ணிலிருந்து தொடங்கலாம். உடோல்ஃபோவைக் கடைசிக்கு வையுங்கள். அதில் மலை வர்ணனைக்கு அளவே இல்லை, நடுநடுவே கவிதை வேறு. தாண்டிப் படித்தாலும் கதைக்கு ஒன்றும் குறையாது.