நீர் விளையாட்டில் குடல் காயம்: கேள்வி-பதில்

கே: வேக்போர்டு (படகு இழுக்க, பலகையில் நின்று சறுக்கும் விளையாட்டு) கைப்பிடி வயிற்றில் மோதியது. வலி நிற்கவில்லை. சி.டி. ஸ்கேன் நார்மல். வீட்டுக்குப் போகலாமா?

ப: கூடாது. முதல் சில மணி நேரத்தில் குடல் ஓட்டை ஸ்கேனில் தப்பிவிடலாம். ஈரலும் மண்ணீரலும் நன்றாக இருந்தும் வயிற்றுக்குள் திரவம் தெரிந்தால் சந்தேகம் குடல்மேல்தான். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருங்கள். வயிற்றைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கட்டும். வலி கூடி, நாடியும் ஏறினால் லேப்ராஸ்கோப்பிக்கு (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) தயங்கக் கூடாது.

கே: எந்தக் காயமானாலும் துளை வழியே சரிசெய்யலாம்தானே?

ப: ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் மட்டும். பார்க்க இடம் கிடைக்க வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை 12-15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் ஏற்றும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். ரத்தம் இழந்தவர் தாங்க மாட்டார்; அவருக்கு வயிற்றைத் திறப்பதுதான்.

கே: துளை வழியே பார்த்தால் ஓட்டை தவறிவிடாதா?

ப: அவசரப்பட்டால் தவறும். சிறுகுடலைத் தொடக்கத்திலிருந்து பெருங்குடலோடு சேரும் இடம் வரை, 10 செ.மீ. 10 செ.மீ.-ஆக இரு பக்கமும் புரட்டிப் பார்க்க வேண்டும். மென்மையான கிராஸ்பர் (குடலைப் பிடிக்கும் கருவி) தேவை. இல்லையேல் தேடுபவரே ஓட்டை போட்டுவிடுவார். ஓட்டை குடல் சுற்றளவில் பாதிக்குக் கீழ் என்றால் 3-0 அளவு மெல்லிய நூலால் குறுக்காகத் தைக்கலாம். பெரிதென்றாலோ ரத்த ஓட்டம் போய்க் கறுத்திருந்தாலோ வெட்டி இணைக்க வேண்டும்.

கே: ஜெட் ஸ்கி (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) பின்சீட்டிலிருந்து விழுந்தேன். ஆசனவாயில் லேசாக ரத்தம். மூலக் களிம்பு போடலாமா?

ப: களிம்பு வேண்டவே வேண்டாம்! பின்னோக்கி விழுபவர், வண்டியின் பின்புறக் குழாய் முனை (நாசில்) பீச்சும் நீருக்கு நேராக விழுகிறார். நீச்சலுடைத் துணி அந்த அழுத்தத்தைத் தடுக்காது. நீர் மலக்குடலுக்குள் பாய்ந்து உள்ளிருந்து கிழிக்கும். வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். பெண்களுக்குப் பிறப்புறுப்பையும் சோதிக்க வேண்டும். இன்றே கிளம்புங்கள், சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள், எனிமா எடுக்காதீர்கள். சிக்மாய்டோஸ்கோப்பியும் (ஆசனவாய் வழியே கேமரா விட்டுப் பார்ப்பது) கான்ட்ராஸ்ட் சி.டி.யும் (மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன்) தேவைப்படும். கிழிசல் பெரிட்டோனியத்துக்கு (வயிற்றறையின் உள்சவ்வு) உள்ளே என்றால் லேப்ராஸ்கோப்பியில் தைக்கலாம். அதற்குக் கீழே, கைக்கு எட்டாத இடத்தில் என்றால், தோண்டித் துருவித் தைப்பதைவிட லேப்ராஸ்கோப்பி மூலம் கொலாஸ்டமி (பெருங்குடலை வயிற்றுத் தோலில் திறந்து, மலத்தைப் பையில் வரவிடுவது) போட்டு மலத்தைத் திருப்பிவிடுவதே மேல். கிழிசல் தானே ஆறும். இரண்டு மூன்று மாதம் கழித்து, கசிவில்லை என்று கான்ட்ராஸ்ட் படம் காட்டிய பிறகு கொலாஸ்டமியை மூடலாம். வெட்சூட் (தடித்த ரப்பர் நீராடை) கீழாடை அணியச் சொல்லி வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்? ஓட்டுபவர் போட்டுக்கொள்கிறார், பின்னால் உட்காருபவர் அரைக்கால் சட்டையோடு ஏறுகிறார்.

கே: லேப்ராஸ்கோப்பியில் குடலைத் தைத்தார்கள். எப்போது மீண்டும் இறங்கலாம்?

ப: மேசை வேலைக்கு 2 வாரம், தண்ணீருக்குக் குறைந்தது 6 வாரம். கொலாஸ்டமி உள்ளவர்கள் மூடும்வரை கேட்கவே வேண்டாம்.

கே: வயிற்றில் அடி. என்ன செய்வது?

ப: எப்போது, எதில், எங்கே வலி? எதையும் எழுதவில்லை. வாந்தி, காய்ச்சல், வயிறு விறைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.