கரண்டு வந்துட்டு, சர்வர் வரல

கேள்வி: அண்ணே, குலசேகரம் பக்கத்துல எங்களுக்கு ரப்பர் ஷீட் எடுக்குற கடை. ஆபீஸ் ரூம்ல ஒரு பழைய டவர் சர்வர் இருக்கு, உபுண்டு ஓடுது, ரெண்டு 1 டிபி டிஸ்க், ஒண்ணுல எழுதுறது இன்னொண்ணுலயும் எழுதுற மாதிரி மதர்போர்டு பயாஸ்லயே, அதாவது ஆன் பண்ணுனதும் மொதல்ல ஓடுற போர்டோட சொந்த புரோகிராம்லயே, ரெய்டு 1 போட்டுருக்கு. போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒரே இடி மின்னல், கரண்டு வந்து வந்து போச்சு, அப்புறம் ராத்திரி பூரா இல்ல, யுபிஎஸ்ஸும் கத்திக் கத்தி ஓஞ்சுட்டு. காலைல பட்டன அமுக்குனா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஆனா ஸ்கிரீன்ல 'நோ பூட்டபிள் டிவைஸ்'னு வந்து அப்படியே நிக்குது. பயாஸ் உள்ள போயி பாத்தா வருஷம் 2012னு காட்டுது. தெரிஞ்ச பையன் ஒருத்தன் வந்து பாத்துட்டு, டிஸ்க் போச்சு, ஃபார்மேட் அடிச்சு புதுசா ஓஎஸ் போடணும்ங்கான். 6 வருஷ கணக்கு, ஷீட் தந்தவங்களுக்குக் குடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் அதுலதான். கடைசியா பேக்கப் எடுத்தது ஓணத்துக்கு முன்னாடி. என்ன செய்ய?
(ஒரு வாசகர், குலசேகரம்)

பதில்: மொதல்ல அந்தப் பையன்கிட்ட ஃபார்மேட் அடிக்காண்டாம்னு சொல்லுங்க. உங்க டிஸ்க் போகலன்னுதான் எனக்குத் தோணுது, அதுக்குக் காரணமும் நீங்களே எழுதியிருக்கீங்க, அந்த 2012.

மதர்போர்டுல ஒரு ரூபாய் நாணயம் சைஸ்ல வட்டமா ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032ன்னு மேல எழுதியிருக்கும், 3 வோல்ட். மெஷினுக்குக் கரண்டு இல்லாத நேரத்துல கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் பிடிச்சு வச்சிருக்கது அதுதான். பிளக் சொருகியே இருந்தா, மெஷின ஆஃப் பண்ணுனாலும் எஸ்எம்பிஎஸ்ல (உள்ள இருக்க பவர் சப்ளை டப்பா) இருந்து ஒரு சின்ன கரண்டு போர்டுக்குப் போயிட்டேதான் இருக்கும், அதனால பேட்டரி செத்து வருஷக் கணக்கானாலும் வெளிய தெரியாது. சர்வர நாம பிளக்க விட்டு எடுக்கதே இல்லையே. அன்னிக்கு ராத்திரி யுபிஎஸ்ஸும் ஓஞ்ச பொறவுதான் போர்டுக்கு ஒரு சொட்டு கரண்டும் இல்லாமப் போச்சு, கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிட்டு, அதோட சேந்து செட்டிங்கும் கம்பெனில இருந்து வந்த மாதிரி ஆயிட்டு. உங்களுத மாதிரி பழைய போர்டுல இது ரொம்ப சாதாரணமா நடக்கும். டிஸ்க்க போர்டு பாக்குற விதம் ரெய்டுன்னு இருந்தது ஏஎச்சிஐன்னோ ஐடிஇன்னோ மாறியிருக்கும், பூட் பண்ற விதம் லெகசின்னு இருந்தது யுஇஎஃப்ஐன்னு ஆயிருக்கும், எதுல மொதல்ல தேடணும்ங்கிற பூட் ஆர்டரும் கலைஞ்சிருக்கும். டிஸ்க் உள்ள நல்லாத்தான் இருக்கு, போர்டுக்குத்தான் எங்க போயி தேடணும்னு தெரியல.

ஆனாலும் இப்பவே பட்டன அமுக்காதீங்க. திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்கதுதான் எல்லாரும் செய்ற தப்பு. செட்டிங் மாறிக் கெடக்கும்போது ஒரு டிஸ்க் மட்டும் தனியா பூட் ஆகி அதுல கணக்கு எழுதிட்டுன்னு வைங்க, அப்புறம் ரெண்டு டிஸ்க்கும் ரெண்டு கதை சொல்லும், ரெய்ட திரும்பப் போட்டா பழைய டிஸ்க் புதுசு மேல ஏறி அழிச்சிரவும் வாய்ப்பு உண்டு. அதனால பிளக்க உருவுங்க, சைடு மூடியக் கழட்டுங்க, எந்த வயர் எங்க போகுதுன்னு போன்ல நாலு போட்டோ எடுங்க. ரெண்டு டிஸ்க் மேலயும் பேப்பர் டேப் ஒட்டி 1, 2ன்னு எழுதி, எந்த போர்ட்ல இருந்துச்சுன்னும் எழுதி வெளிய எடுங்க. சீரியல் நம்பரையும் நோட்டுல எழுதிக்கிடுங்க, இது பொறவு ரொம்ப உதவும்.

டிஸ்க் வெளிய இருக்கும்போதே புது பேட்டரி மாத்துங்க, ரெண்டு மூணு சாயா காசுதான் ஆகும், அப்புறம் பயாஸ்ல போயி தேதி, நேரம் சரியா வைங்க. தேதிய சும்மா விட்டுறாதீங்க, தப்பா இருந்தா லினக்ஸ் பூட் ஆகும்போது டிஸ்க்க கடைசியா மவுண்ட் பண்ணுன (ஃபைல் எடுக்க தொறந்த) நேரம் எதிர்காலத்துல இருக்குன்னு சொல்லி ஃபைல் சிஸ்டம் செக்கிங்ல போயி நிக்கும், பாக்கவங்க டிஸ்க் கெட்டுட்டுன்னு பயந்துருவாங்க.

இனிதான் முக்கியமான வேலை. நாகர்கோவில் போயி ஒரு 4 டிபி டிஸ்க் வாங்குங்க, வேற ஒரு கம்ப்யூட்டர்ல உபுண்டு பென்டிரைவ் போட்டு, உங்க ரெண்டு டிஸ்க்கையும் ஒவ்வொண்ணா மாட்டி டிடிரெஸ்க்யூன்னு ஒரு புரோகிராம வச்சு அப்படியே இமேஜா காப்பி எடுங்க. மவுண்ட் பண்ணாண்டாம், தொறந்து பாக்காண்டாம், காப்பி மட்டும். எதுவரைக்கும் காப்பி ஆச்சுன்னு குறிச்சு வைக்கிற மேப் ஃபைல் குடுத்து ஓட்டுனா நடுவுல கரண்டு போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். நல்ல டிஸ்க்னா ஒண்ணுக்கு 3, 4 மணி நேரம் ஆகலாம். எது மூலம், எது காப்பி விழுற இடம்னு என்டர் தட்டுறதுக்கு முன்னாடி சீரியல் நம்பர வச்சு ரெண்டு தடவ பாருங்க, இங்க தலைகீழா மாறிட்டுன்னா 6 வருஷக் கணக்கு மேல காலி டிஸ்க் எழுதிரும். டிஸ்க்ல டிக் டிக்குன்னு சத்தம் கேட்டா அதோட நிறுத்திருங்க, அது டேட்டா ரெக்கவரி லேப்ல குடுக்க வேண்டிய கேஸ்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்னா, 2017 நவம்பர் 30ல ஒக்கி வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும், மரமும் போஸ்ட்டும் சாஞ்சு நம்ம மாவட்டத்துல பல ஊர்ல நாள் கணக்கா கரண்டு இல்ல. கரண்டு வந்த பொறவு ஒரு ஸ்டுடியோக்காரர் சர்வரத் தூக்கிட்டு எங்கிட்ட வந்தார், கல்யாண போட்டோ பூரா அதுல. நான் காப்பி எடுக்காம நேரா எஃப்எஸ்சிகேன்னு ஃபைல் சிஸ்டத்த ரிப்பேர் பண்ற புரோகிராம ஓட்டி எல்லாத்துக்கும் எஸ் குடுத்தேன். டிஸ்க்ல பேட் செக்டர் (படிக்க முடியாம கெட்டுப்போன இடம்) இருந்துருக்கு, டிஸ்க் தன்னப் பத்தித் தானே சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ட பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், நான் பாக்கல. முடிஞ்ச பொறவு பாத்தா லாஸ்ட் அண்ட் ஃபவுண்டுன்னு ஒரு ஃபோல்டர்ல வெறும் நம்பர் பேர்ல ஆயிரக்கணக்கான ஃபைல், பாதி தொறக்கவே இல்ல, தொறந்ததுல ஒரு பொண்ணோட மொகம் மேல்பாதி இருக்கு, கீழ்ப்பாதி சாம்பல் நிறம். அத அந்த மனுசன் பாத்துட்டு நின்னது இப்பவும் என் கண்ணுல இருக்கு. அன்னையில இருந்து காப்பி எடுக்காம எந்த டிஸ்க்லயும் நான் ரிப்பேர் ஓட்டதில்ல.

காப்பி கைல வந்தாச்சுன்னா மிச்சம் சுலபம். டிஸ்க்க அதே போர்ட்ல மாட்டுங்க, பயாஸ்ல டிஸ்க்க பாக்குற விதத்த, அதாவது சாட்டா மோட, ரெய்டுன்னு வைங்க, பூட் மோடு முன்ன எப்படி இருந்துச்சோ அப்படி வைங்க, தெரியலன்னா லெகசி ஒரு தடவ, யுஇஎஃப்ஐ ஒரு தடவ. ரெய்டு மெனுவுக்குள்ள கிரியேட், இனிஷியலைஸ்னு எது கேட்டாலும் எஸ் குடுக்காதீங்க. தனி ரெய்டு கார்டு வச்சிருக்கவங்களுக்கும் சேத்து சொல்லுதேன், ஃபாரின் கன்ஃபிகரேஷன்னு (டிஸ்க்ல இருக்க ரெய்டு விவரம் கார்டுல இருக்கதோட ஒத்துப் போகலன்னு அர்த்தம்) வந்தா அவசரப்பட்டு கிளியர் குடுக்காண்டாம், டிஸ்க் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாத்துட்டு இம்போர்ட் குடுங்க.

லினக்ஸ் வந்து நடுவுல இனிட்ராம்எஃப்எஸ்னு கருப்பு ஸ்கிரீன்ல நின்னா அப்ப எஃப்எஸ்சிகே ஓட்டலாம், காப்பிதான் இருக்கே. கணக்கு மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் மாதிரி டேட்டாபேஸ்ல இருந்தா, பாதில நின்ன எழுத்த அதோட லாக் ஃபைல வச்சு ஆரம்பிக்கும்போது அதுவே சரிபண்ணிக்கிடும், கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுமையா இருங்க. லாக் தானேன்னு அந்த ஃபைல அழிக்கவங்களப் பாத்திருக்கேன், அதோட டேட்டாபேஸ் எந்திரிக்காது.

கேள்வி: குளச்சல்ல பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். மழையில தென்னமட்டை லைன் மேல விழுந்து கரண்டு போச்சு, அப்ப பல்பு எல்லாம் பளிச்சுன்னு எரிஞ்சுதான் அணைஞ்சுது. இப்ப ஒரு கம்ப்யூட்டர்ல பட்டன அமுக்குனா ஒரு அசைவும் இல்ல. மதர்போர்டு போச்சா?
(ஒரு வாசகி)

பதில்: பளிச்சுன்னு எரிஞ்சுதுன்னா நியூட்ரல் விட்டுருக்கும்மா. அப்ப 230 வோல்ட் வர்ற இடத்துல 400 பக்கம் வரைக்கும் ஏறலாம், அத மொதல்ல வாங்குறது எஸ்எம்பிஎஸ்தான், பல நேரம் அது செத்து போர்ட காப்பாத்திரும். பிளக்க உருவிட்டு பவர் பட்டன அரை நிமிஷம் அமுக்கிப் பிடிங்க, வேற சாக்கெட்ல சொருகிப் பாருங்க. வரலன்னா நல்ல கம்ப்யூட்டர்ல இருந்து எஸ்எம்பிஎஸ்ஸ கழட்டி இதுல மாட்டிப் பாத்தா தெரிஞ்சு போகும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸ ஸ்குரூ திருப்பித் தொறக்காதீங்க, பிளக் எடுத்த பொறவும் உள்ள கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். ஃபேன் சுத்தி டிஸ்ப்ளே மட்டும் வரலன்னா, கடக்கரை ஊராச்சே, ரேம் கால்ல உப்புக் காத்து பிடிச்சிருக்கும், ரப்பர் வச்சு மெதுவா தேச்சு மாட்டுங்க.

கேள்வி: யுபிஎஸ் வாங்கி 4 வருஷம் ஆச்சு, கரண்டு போனா 1 நிமிஷம்கூட நிக்கல. சர்வர் ஒவ்வொரு தடவையும் பட்டுனு அணையுது.
(ஒரு வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: பேட்டரிய மாத்துங்க. சின்ன யுபிஎஸ்ல இருக்க 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி 2, 3 வருஷம்தான் ஒழுங்கா ஓடும், பூட்டுன ரூம் சூட்டுல அதுக்கும் குறைவு. மாசம் ஒரு தடவ கடை அடைக்கும்போது எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு யுபிஎஸ் பிளக்க உருவி எத்தன நிமிஷம் நிக்குதுன்னு பாத்து சுவத்துல எழுதி வைங்க. யுபிஎஸ் பின்னாடி யுஎஸ்பி போர்ட் இருந்தா கேபிள் போட்டு சர்வர்ல 'நட்' புரோகிராம வைங்க, பேட்டரி குறையும்போது சர்வர் தன்னால ஷட்டவுன் ஆகிக்கிடும்.

இன்னொண்ணு, பயாஸ்ல கரண்டு திரும்ப வந்தா என்ன செய்யணும்னு ஒரு செட்டிங் உண்டு, அத ஆஃப்ல வைங்க. நம்ம ஊர்ல இடி நேரத்துல கரண்டு ஒரேயடியா போறதில்ல, வரும், போகும், திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் சர்வர் பாதி எந்திரிச்சு விழுறதுலதான் டிஸ்க் அடி வாங்குது. நின்னு கரண்டு வந்துட்டுன்னு உறுதியான பொறவு நீங்களே போயி பட்டன அமுக்குங்க.