கென் ஹப்ஸ் ஆடிய 324 ஆட்டங்கள்: கேள்வி பதில்

கே: அமெரிக்க பேஸ்பால் வீரர் கென் ஹப்ஸ் சிகாகோ கப்ஸ் அணிக்கு 1961 முதல் 63 வரைதான் ஆடினார். இரண்டாவது பேஸ் காக்கும் இடம் என்றாலே இவர் பெயர் ஏன் வருகிறது?

ப: கையுறைக்காக, அதாவது தடுப்பாட்டத்துக்காக. 1962-ல் தொடர்ந்து 78 ஆட்டங்களில், 418 வாய்ப்புகளில், ஒரு எர்ரர்கூட (தடுப்பில் செய்யும் பிழை) இல்லை. 1948-ல் இன்னொரு இரண்டாவது பேஸ்காரர் பாபி டோயர் வைத்த 73 ஆட்டம், 414 வாய்ப்பு என்ற கணக்கு அத்துடன் முறிந்தது. ரூக்கி (புது வீரர்) ஒருவருக்கு சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு க்ளவ் விருது கிடைத்ததும் அதுவே முதல்முறை.

கே: வாய்ப்புன்னா என்ன சார்? பந்து அவர்கிட்ட வந்தாலே ஒண்ணா?

ப: இல்லை. புட்அவுட் (தானே அவுட்டாக்குவது), அசிஸ்ட் (பந்தை எறிந்து அவுட்டுக்கு உதவுவது), எர்ரர் மூன்றையும் கூட்டினால் வருவது. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவர்) எறிந்த பந்தை வாங்கி பேஸை மிதித்தால் ஒரு புட்அவுட். அதே வேகத்தில் முதல் பேஸுக்கு எறிந்து இன்னொருவர் அவுட்டானால் ஒரு அசிஸ்ட். இப்படி ஒரே மூச்சில் இரண்டு பேர் அவுட்டாவதுதான் டபுள் பிளே; அதில் இவருக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டாவது அவுட் நேரத்துக்குக் கிடைக்காமல் போனால் எர்ரர் எழுத மாட்டார்கள். எறி தவறிப் போய் ஓட்டக்காரர் கூடுதலாக ஒரு பேஸ் முன்னேறினால்தான் எழுதுவார்கள்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு: எட்டவே முடியாத பந்துக்கு எர்ரர் கிடையாது. மெதுவாக நகர்பவர்கூட சுத்தமாகத் தெரிவார். அதனால் ஆட்டத்துக்கு எத்தனை வாய்ப்பு என்றும் பாருங்கள். ஹப்ஸுக்கு 5.4, டோயருக்கு 5.7. அன்று சாதனை ஹப்ஸுடையதானது, வேலை டோயருக்குத்தான் அதிகம். ஆனால் அணியின் பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) எதிரணியைத் தரையோடு அடிக்க வைப்பவர்களா என்பதைப் பொறுத்தும் இது மாறும். இதை மட்டும் வைத்து டோயரை உசத்திவிட முடியாது.

கே: ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவராமே. பக்கத்து இடம்தானே, மாறுவதில் என்ன கஷ்டம்?

ப: டபுள் பிளேயில் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஓட்டக்காரர் கண்ணெதிரே வருவார். இரண்டாவது பேஸ்காரர் பந்தைப் பார்த்து நிற்கும்போது ஓட்டக்காரர் பின்னாலிருந்து காலைக் குறிவைத்துச் சறுக்குவார். அன்று அதைப் பெரிதாகத் தடுக்கவும் இல்லை. உடலைத் திருப்பித்தான் எறியவும் வேண்டும். 6 அடி 2 அங்குல உயரத்தோடு ஹப்ஸ் இதைச் செய்தார்.

கே: பேட்டிங் சுமார்தானே?

ப: சுமார்தான். 1962-ல் 661 முறை ஆடி 172 ஹிட், சராசரி .260, 129 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்), கப்ஸ் ஆடும் நேஷனல் லீகிலேயே அதிகம். 1963-ல் .235. மொத்தம் .247, 14 ஹோம் ரன். ரூக்கி விருதில் 20-க்கு 19 ஓட்டு விழுந்தது தடுப்பாட்டத்துக்குத்தான் என்பேன். அந்த ஆண்டு கப்ஸ் 103 ஆட்டங்களில் தோற்றது. நிரந்தர மேலாளர் இல்லாமல் பயிற்சியாளர்கள் மாறி மாறி நடத்திய அணி.

கே: 1961-லேயே ஆடிட்டாரே, 62-ல் எப்படி ரூக்கி?

ப: 10 ஆட்டம், 28 அட்-பேட் (பேட்டிங் முறை) தான். ரூக்கிக்கான வரம்புக்குள் அடங்கிவிட்டது.

கே: மரணம்?

ப: 1964 பிப்ரவரி, யூட்டா. பறக்கும் பயத்தைப் போக்கவே விமானம் ஓட்டக் கற்றவர். உரிமம் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ப்ரோவோவிலிருந்து தன் செஸ்னா 172-ல் நண்பருடன் கிளம்பி, பனிப்புயலில் யூட்டா ஏரியில் விழுந்தார். வயது 22.

கே: டாப்ஸ் நிறுவனம் 1964-ல் வெளியிட்ட இவருடைய பேஸ்பால் கார்டு ஒன்று கிடைத்தது, மற்றவை மாதிரி இல்லை. போலியா?

ப: எண் 550 என்றால் பயப்படாதீர்கள். அது நினைவு அட்டை. அந்த வரிசையின் வழக்கமான வடிவமைப்பு அதில் இருக்காது.