இழையை வெட்டாமலே ஓட்டம் நின்றது ஏன்?

வெட்டவே இல்லை, காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டுதான் விட்டேன், நியூரோஸ்போரா என்ற பூஞ்சையின் இழையில் சைட்டோபிளாச (செல்லுக்குள் இருக்கும் கூழ்) ஓட்டம் நின்றுவிட்டது என்கிறீர்கள். அந்த நீர்தான் காரணமாக இருக்கும். வெறும் நீர் இழைக்குள் வேகமாகப் புகுந்து, பல நுனிகள் வெடித்துவிடும். வெடித்த நுனிக்குப் பின்னால், இழையை அறைகளாகப் பிரிக்கும் குறுக்குச் சுவரைக் கூர்ந்து பாருங்கள். நடுத் துளையில் பளபளப்பாக ஒரு துகள் அடைத்து நிற்கும். அதுதான் வோரோனின் உறுப்பு. பெராக்சிசோம் என்ற செல் நுண்ணுறுப்பிலிருந்து உருவாவது, ஹெக்ஸ்-1 புரதம் படிகமாகத் திரண்டது. வெளியேறும் சைட்டோபிளாசத்தின் வேகமே அதைத் துளைக்குள் தள்ளிவிடுகிறது, எவ்வளவு அழகான ஏற்பாடு! நுனி போனாலும் பின்னறைகள் பிழைத்துக்கொள்ளும். சில பூஞ்சைகள் காயமே படாமல், வெப்ப நெருக்கடியிலும் துளையை மூடிக்கொள்ளும். அதனால் இழை செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அடுத்த முறை நீருக்குப் பதில், வளர்த்த அதே திரவ ஊடகத்தையே விட்டுப் பாருங்கள்.